சேது சாலையில் உண்ணி சமஸ்தானம்

புதுக்கோட்டைத் தொண்டைமான்கள் இருநூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆண்டார்கள். யானை வைத்திருந்தார்கள், அரண்மனை வைத்திருந்தார்கள், சொந்தமாக அம்மன் காசு அடித்தார்கள். இல்லாத ஒன்று கடல். சமஸ்தானத்து எல்லையை எந்தப் பக்கம் தொட்டாலும் அது வயலிலோ பொட்டலிலோதான் முடிந்தது. 1948 மார்ச் 3-ஆம் தேதி ராஜா எல்லாவற்றையும் இந்தியாவிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கினார். அதற்கு இருபத்தாறு வருஷம் கழித்து, 1974 ஜனவரி 14 அன்று புதுக்கோட்டை மாவட்டம் பிறந்தபோது, தஞ்சாவூரிலிருந்து பிரிந்து வந்த அறந்தாங்கிச் சீமையின் சீதனமாகச் சுமார் நாற்பது கிலோமீட்டர் கடற்கரையும் வந்து சேர்ந்தது. அனுபவிக்க ராஜாதான் இல்லை. அந்தச் சீதனத்தின் வடகோடியில் இருக்கிறது கட்டுமாவடி.

கடலுக்குப் பேர் வைத்த கதை இன்னும் மோசம். ராபர்ட் பாக் என்றொரு பாதிரியார் கம்பெனிக்காரர்களுக்குப் பிரசங்கம் பண்ண மதராஸுக்கு வந்தார். வந்த இடத்தில் பரலோகத்தைவிட இகலோகத்தில் வரும்படி அதிகம் என்று கண்டுகொண்டு அங்கியைக் கழற்றி வைத்தார். 1763 முதல் 1767 வரை மதராஸ் கவர்னராக இருந்து, கையும் மடியும் நிறைய ஊர் போய்ச் சேர்ந்தார். பாக் நீரிணையும் பாக் விரிகுடாவும் அவர் பெயரில்தான் இன்றைக்கும் கிடக்கின்றன. தலைமுறை தலைமுறையாக இங்கே வலை வீசியவர்களிடம் யாரும் பெயர் கேட்கவில்லை.

இந்தக் கரையோரமாகக் கட்டுமாவடியிலிருந்து ராமேஸ்வரம் வரை நடந்தே போய்விடலாம் என்ற யோசனை என் மைத்துனனுடையது. இங்கிலாந்தில் தென்மேற்குக் கடற்கரைப் பாதை என்று ஒன்று இருக்கிறதாம். ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேலாம். வழிநெடுகக் கைகாட்டி மரம், காப்பிக் கடை, புல்வெளியில் ஆடு. "நம்மகிட்ட இல்லாத ஆடா, அத்தான்?" என்றான். ஆடு இருந்தது. ஆட்டின் மேல் இருந்ததைப் பற்றித்தான் மீதிக் கட்டுரை.

கடற்கரை என்றதும் மெரினாவை நினைத்துக்கொள்பவர்கள் பாக் விரிகுடாவைப் பார்த்ததில்லை. இங்கே அலை பேருக்குத்தான் அடிக்கும். ஆழம் குறைவு, கரையெல்லாம் சேறு. காலை வைத்தால் முழங்கால் உள்ளே போகும், காலை எடுத்தால் செருப்பு உள்ளேயே தங்கிவிடும். நூறு கஜத்துக்கு ஒரு வாய்க்கால், கழிமுகம், படகு, காயும் வலை. ஆகையால் தண்ணீரை ஒட்டி நடக்கிறவன் கொஞ்ச நேரத்தில் கரையேறி சீமைக்கருவைக் காட்டுக்குள் புகுந்தாக வேண்டும். சீமைக்கருவை அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. வெள்ளைக்காரன் காலத்தில் விறகுக்கென்று வந்தது. நெற்றை ஆடு தின்னும், புழுக்கையோடு விதையைப் போடும், போட்ட இடத்தில் காடு முளைக்கும், காட்டுக்குள் மறுபடி ஆடு வரும். இந்தச் சுற்றில் அலையாமல் சாப்பிடுகிற ஒரே ஜீவன் உண்ணி.

உண்ணியின் வேட்டை முறையைப் பார்த்தால் சிங்கம் புலியெல்லாம் வீண் அலைச்சல் அலைகின்றன என்று தோன்றும். புல் நுனியில் ஏறிப் பின்னங்கால்களால் பிடித்துக்கொண்டு, முன்னங்கால் இரண்டையும் காற்றில் நீட்டிக் காத்திருக்கும். அந்த முன்னங்கால்களில் மோப்பக் குழி இருக்கிறது. நாம் விடும் மூச்சு, உடம்புச் சூடு, வியர்வை நாற்றம் மூன்றும் அங்கே பதிவாகிவிடும். ஆள் உரசினால் தொற்றிக்கொள்ள வேண்டியது, அவ்வளவுதான். ஆள் வராவிட்டால் மாசக்கணக்கில் பட்டினி கிடக்கும். கடிக்கும்போது வலி தெரியாமல் எச்சிலாலேயே மரத்துப்போக வைத்துவிட்டு, உடம்பு ஊதுகிறவரை குடித்து, நிரம்பியதும் தானாக விழுந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடும். முட்டையிலிருந்து வருவதற்கு ஆறு கால், வளர்ந்ததற்கு எட்டு. பூச்சி இனத்திலேயே சேராது, சிலந்திக்கும் தேளுக்கும் பங்காளி.

இவ்வளவு சாமர்த்தியசாலிக்கு, ராமேஸ்வரம் போகிற இந்தச் சேது சாலையின் சரித்திரத்தில் ஒரு பத்திகூட ஒதுக்கவில்லை என்பதுதான் என் ஆட்சேபம். காசியிலிருந்து ராமேஸ்வரத்துக்கு நடந்த கோடானுகோடி ஜனங்களில் ஒரு பகுதி தஞ்சாவூர், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, ராஜாமடம், சேதுபாவாசத்திரம், மணமேல்குடி, மீமிசல், தொண்டி என்று இந்த வழியாகத்தான் போயிற்று. அவர்கள் சொறிந்துகொள்ளாமலா போயிருப்பார்கள்? சரித்திர ஆசிரியர்கள் ராஜாக்களை மட்டும் எண்ணினார்கள். விட்டுப்போனதை நான் நிரப்புகிறேன்.

முதலில் பழையவர்களைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் நெடுநடை நடந்ததற்கு நல்ல சாட்சி ஆற்றுப்படைப் பாடல்கள். பரிசுக்காக ஊர் ஊராக அலைந்தவர்களின் வழிகாட்டிப் புத்தகம் அது. பொருநராற்றுப்படையில் கரிகாலனைத் தேடிப் போகிற கலைஞனின் கந்தல் துணியில் ஈரும் பேனும் குடித்தனம் பண்ணுகின்றன. வியர்வையில் நனைந்து, வேறு நூலால் ஒட்டுப்போட்ட துணி. கரிகாலன் அதைக் களையச் சொல்லிவிட்டுப் பாம்புச் சட்டை போல மெல்லிய ஆடை கொடுக்கிறான். வள்ளல்தன்மை என்று பண்டிதர்கள் உருகுகிறார்கள். ஈரும் பேனுமாக ஒருத்தர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் நீங்களும் நானும் அதைத்தான் செய்வோம், பட்டுக்குப் பதில் பழைய லுங்கி கொடுப்போம். போகட்டும். பேனுக்காவது பாட்டில் இடம் கிடைத்தது.

அடுத்தவர் மாணிக்கவாசகர். கட்டுமாவடியிலிருந்து எட்டிவிடக்கூடிய தூரத்தில் இருக்கிற ஆவுடையார்கோயில்தான் திருப்பெருந்துறை. கடற்கரையில் இறங்கியிருந்த நல்ல குதிரைகளை வாங்கி வரச் சொல்லி, மதுரையிலிருந்து கஜானாப் பணத்தோடு மந்திரி வாதவூரரைப் பாண்டியன் அனுப்பினான். வழியில் குருந்த மரத்தடியில் குருவைக் கண்டார். குதிரைப் பணம் கோயில் பணமாயிற்று. அரசாங்க வேலையாகப் புறப்பட்டவர் கடற்கரை போய்ச் சேராமலே முன்பணம் முழுவதையும் வேறு தலைப்பில் செலவு செய்த கதைகளில் இதுதான் தலையாயது. தணிக்கை வந்தபோது, ஆவணி மூலத்தன்று குதிரை வரும் என்று பதில் போயிற்று. சொன்ன நாளில் வந்தது. சிவபெருமான் காட்டு நரிகளைப் பரிகளாக்கி ஓட்டி வந்தார். அன்று ராத்திரியே அவை நரிகளாகி லாயத்துப் பழைய குதிரைகளைக் கடித்துக் குதறிவிட்டு ஓடின.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். நரி குதிரையானபோது நரி மேல் இருந்த உண்ணி என்ன ஆயிற்று? அதுவும் கூடவே குதிரை உண்ணி ஆயிற்றா? அல்லது தான் உட்கார்ந்திருந்த இடம் திடீரென்று பத்து மடங்கு பெருத்துவிட்டதைக் கண்டு, தானும் சிவகடாட்சம் பெற்றதாக நினைத்துக்கொண்டதா? பாண்டியனின் ராவுத்தர்கள் சுழி பார்த்தார்கள், நடை பார்த்தார்கள், கனைப்புக் கேட்டார்கள். ஒருத்தன் காது மடலைப் புரட்டி உண்ணி பார்த்திருந்தால், இது லாயத்து மிருகம் இல்லை, காட்டுச் சரக்கு என்பது சாயங்காலமே வெளிவந்திருக்கும். நான் கேட்ட எந்தக் கதாகாலட்சேபத்திலும் இந்தக் கட்டத்தை ஆராயவில்லை.

பிறகு சேதுபதிகள் வருகிறார்கள். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராமேஸ்வரம் போகிறவர்களுக்கு வழிப்பறித் தொல்லை தாங்கவில்லை. மதுரை முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர், சடைக்கத் தேவரைச் சேதுபதி ஆக்கிச் சாலையைக் காக்கும் பொறுப்பை ஒப்படைத்தார். யாத்திரிகன் மடியிலிருந்த காசுக்குப் பாதுகாப்பு வந்தது. மடிக்கு அடியில் நடந்த வசூலுக்கு அன்றும் காவல் இல்லை.

பொற்காலம் என்றால் தஞ்சாவூர் மராட்டியர் காலம்தான். சாலை நெடுகச் சத்திரம் கட்டினார்கள். பெரும்பாலானவற்றுக்கு ராணிகள் பெயர், பிரியப்பட்டவர்கள் பெயர். இரண்டாம் சரபோஜி 1802-இல் ஒரத்தநாட்டில் கட்டிய முக்தாம்பாள் சத்திரம் அவர் காதலித்த பெண்ணின் நினைவாக வந்தது. சேதுபாவாசத்திரம் மட்டும் ஒரு சாமியார் பெயரில் தப்பிவிட்டது. அதற்குள் சரபோஜி 1799 உடன்படிக்கையில் ராஜ்ஜியத்தையே கம்பெனிக்கு எழுதிக் கொடுத்திருந்தார். மிச்சம் இருந்தது தஞ்சைக் கோட்டை, புத்தகம், சத்திரம். சத்திரத்து மானிய கிராமங்களின் மேலும் கம்பெனிக்குக் கண் போயிற்று. 1801 ஜனவரியில் ரெசிடென்ட் பெஞ்சமின் டோரினுக்கு சரபோஜி ஒரு கடிதம் எழுதினார். எனக்குத் தெரிந்து ஓட்டல் விளம்பரத்தில் அதை மிஞ்சியது இல்லை.

பிராமணர் முதல் பறையர் வரை யார் வந்தாலும் சோறு. வெந்த சோறு வேண்டாம் என்பவருக்கு அரிசியும் சாமானும். நடுராத்திரி வரை பந்தி. அதற்கப்புறம் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் யாராவது உண்டா என்று கூவிக் கூப்பிட வேண்டும். கைக்குழந்தைக்குப் பால். பிள்ளைத்தாய்ச்சி வந்தால் அங்கேயே பிரசவம், பிறகு மூன்று மாசம் தங்கலாம். நோயாளிக்கு வைத்தியம், இறந்தவருக்கு அவரவர் வழக்கப்படி காரியம். வியாதிக்கும் வீக்கத்துக்கும் விஷக்கடிக்கும் கைதேர்ந்த வைத்தியர்கள் உண்டு என்றும் அந்தக் கடிதத்தில் இருக்கிறது.

வீக்கம், விஷக்கடி. கவனித்தீர்களா? உண்ணியைச் சொல்லவில்லை. தன்வந்திரி மகால் வைத்து மருந்து ஆராய்ச்சி செய்தவர், ஆனைக்கும் குதிரைக்கும் வைத்திய ஏடு சேர்த்தவர், சத்திரத்துத் திண்ணையில் படுத்தவன் விடியவிடிய எதைச் சொறிந்தான் என்று கேட்கவில்லை. ஒருவேளை கேட்டிருந்து, கம்பெனிக்குத் தெரிய வேண்டாம் என்று விட்டிருக்கலாம். எந்த ஓட்டல்காரர் மூட்டைப்பூச்சியை விளம்பரத்தில் போடுகிறார்?

அதே சரபோஜி நெப்போலியனை இங்கிலாந்து ஜெயித்த சந்தோஷத்தைக் கொண்டாட, 1814-இல் இந்தக் கரையிலேயே மல்லிப்பட்டினம் பக்கம் மனோரா கோபுரத்தைக் கட்டினார். எட்டு அடுக்கு, அறுகோணம். தோற்றவர் பிரெஞ்சுக்காரர், ஜெயித்தவர் வெள்ளைக்காரர், செலவு தஞ்சாவூருடையது. ராஜ்ஜியத்தைப் பிடுங்கியவனின் வெற்றிக்கு ராஜ்ஜியத்தைப் பறிகொடுத்தவர் கோபுரம் கட்டின பெருந்தன்மை உலகத்தில் வேறு எங்கும் இருக்கிறதா, தெரியவில்லை. இத்தனைக்கும் நெப்போலியன் கட்டுமாவடிப் பக்கம் வருவதாக ஒரு நாளும் சொன்னதில்லை.

நடக்கிறவனுக்குச் சோறு போடுவது சர்க்கார் கடமை என்று 1801-இல் எழுதப்பட்ட அதே தஞ்சாவூர்ச் சீமையில், 1930-இல் சோறு போட்டால் ஜெயில் என்று கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டார். அது கொஞ்சம் வடக்கே, ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு அள்ள நடந்தபோது. ஏப்ரல் 13-இல் கிளம்பி 28-இல் போய்ச் சேர்ந்தார்கள், சுமார் 240 கிலோமீட்டர். ஜனங்கள் சோற்றுப் பொட்டலத்தை மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்டுவிட்டு, போலீஸிடம் எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று கையை விரித்தார்கள். உண்ணிக்கு எந்தத் தடை உத்தரவும் பொருந்தவில்லை. காங்கிரஸ்காரன், போலீஸ்காரன் என்று பார்க்காமல் சமபந்தி நடத்தியிருக்கும்.

இந்தியக் கடற்கரையை உண்மையிலேயே நடந்து அளந்த ஒருவர் உண்டு. சதீஷ் பாஸ்கர். சென்னை ஐ.ஐ.டி. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, 1970-களின் பிற்பகுதியில் தொடங்கி, கடல் ஆமை முட்டையிடும் இடங்களைத் தேடி ஏறக்குறைய நாலாயிரம் கிலோமீட்டர் நடந்தவர். 1982 மழைக்காலம் முழுவதும் லட்சத்தீவில் ஆளில்லாத ஒரு தீவில் தனியாகக் கிடந்தார். அங்கிருந்து மனைவிக்குப் பாட்டிலில் கடிதம் போட்டுக் கடலில் விட்டார், அது இலங்கையில் கரையேறி, அங்கிருந்து அந்த அம்மாள் கைக்கு வந்தே சேர்ந்தது. அவரைப் பற்றிப் படித்துவிட்டுத்தான் மைத்துனன் ஏழாயிரம் ரூபாய்க்கு ஷூ வாங்கினான். பாஸ்கர் எந்த ஷூவில் நடந்தார் என்று அவன் விசாரிக்கவில்லை.

கருவைக் காட்டைத் தாண்டி வெளியே வந்தபோது, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு ஆத்தா எங்களை ஏற இறங்கப் பார்த்தது.

"எங்க தம்பி போறீக?"

"ராமேஸ்வரத்துக்கு ஆத்தா."

"நடந்தா?"

"ஆமா."

"ஏன், பஸ்ஸு ஓடலியா இன்னிக்கு?"

உடம்புக்கு நல்லது, இயற்கையைப் பார்க்கலாம் என்று மைத்துனன் விளக்கிக்கொண்டிருந்தான். ஆத்தா அவன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தது. அரைக்கால் சட்டை போட்டிருந்தான், விளம்பரத்தில் வெள்ளைக்காரன் போட்டிருந்த மாதிரியே. "அது கெடக்கட்டும். தொடையில உண்ணி ஏறுது பாருங்க" என்றது.

பார்த்தோம். ஒன்றல்ல. முழங்கால் மடிப்பில், இடுப்புப் பட்டைக்குக் கீழே, காதுக்குப் பின்னால். வெதுவெதுப்பாகவும் மறைவாகவும் தோல் மெல்லிதாகவும் இருக்கிற இடங்களாகப் பார்த்து மனை போட்டிருந்தன. மைத்துனன் போட்ட சத்தத்தில் ஆடுகள் மிரண்டன. தீக்குச்சியைக் கொளுத்தி உண்ணியைச் சுடலாம் என்றான். எங்கே சுடுவது என்று இடத்தைக் காட்டியதும் பேச்சை மாற்றிக்கொண்டான். பக்கத்துப் படகுக்காரர் ஒருவர் மண்ணெண்ணெய் தருகிறேன் என்றார். அதுவும் கூடாது. சூடு வைத்தாலும் எண்ணெய் ஊற்றினாலும் உண்ணி குடித்ததையும் தன் எச்சிலையும் நம் உடம்புக்குள்ளேயே கக்கிவிடக்கூடும். இடுக்கியால் தோலை ஒட்டித் தலைப் பக்கம் பிடித்து, திருகாமல் நசுக்காமல் நேராக மேலே இழுக்க வேண்டும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். எங்களிடம் இடுக்கி இல்லை. ஆத்தா இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து முள்வாங்கியை எடுத்தது. கருவை முள் குத்துகிற ஊரில் அது இல்லாமல் யாரும் வெளியே வருவதில்லை.

"ஆட்டுக்கு எடுக்கிற மாதிரிதான். ஆடுன்னா சும்மா நிக்கும்" என்றது ஆத்தா, அவன் காதைப் பிடித்துக்கொண்டு.

வேலை நடக்கும்போதே பாடமும் நடந்தது. அந்தப் பக்கத்தில் ஆட்டுக்கு வேப்பெண்ணெய் தடவுவார்கள், கொட்டகையில் நொச்சி மூட்டம் போடுவார்கள், கோழியை அவிழ்த்துவிட்டால் தரையில் விழுந்ததைக் கொத்திவிடும். "மாட்டுக்கு உண்டு, ஆட்டுக்கு உண்டு, நாய்க்குச் சொல்லவே வேணாம்." நான் கடலைக் காட்டி, அதோ அங்கே இருக்கிற ஆவுளியாவுக்கு, அதாவது கடற்பசுவுக்கு, மட்டும் கிடையாது என்றேன். அதிராம்பட்டினத்திலிருந்து அம்மாபட்டினம் வரை 448 சதுர கிலோமீட்டர் கடலை 2022-இல் அரசாங்கம் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்திருக்கிறது. தண்ணீருக்குள் கடற்புல்லை மேய்ந்துகொண்டு, உண்ணியும் இல்லாமல், கறக்க வருகிறவனும் இல்லாமல் இருக்கிற பசு அது ஒன்றுதான். "குடுத்து வச்சது" என்றது ஆத்தா.

காய்ச்சல் வந்தால் அலட்சியமாக இருக்காதீர்கள் என்றும் சொல்லியனுப்பியது. அதில் விளையாட்டில்லை. புதரில் திரிந்து வந்த ஒன்றிரண்டு வாரத்தில் கடுங்காய்ச்சலும் தலைவலியும் வந்து, உடம்பில் எங்காவது சிகரெட்டால் சுட்டது போலக் கறுப்புப் பொருக்கு இருந்தால், டாக்டரிடம் அதைக் காட்ட வேண்டும். ஸ்க்ரப் டைபஸ் என்பார்கள். அதைக் கொண்டுவருவது உண்ணிகூட இல்லை, அதைவிடப் பொடியான, கண்ணுக்கே தெரியாத சிலந்திப்பேன் குஞ்சு. டாக்ஸிசைக்ளின் மாத்திரைக்கு அடங்கிவிடும், நேரத்தோடு போனால். புதர் வழியாகப் போகிறவர்கள் முழுக்கால் சட்டையைக் காலுறைக்குள் சொருகிக்கொள்வது நல்லது. பார்க்கச் சகிக்காது. ஆனால் கருவைக் காட்டில் உங்களைப் பார்ப்பது ஆடு மட்டும்தான்.

மத்தியானம் வெயில் தாங்காமல் ஒரு பழைய கட்டடத்துத் திண்ணையில் ஒதுங்கினோம். ஏதோ காலத்துச் சத்திரமாக இருக்கலாம். தூண் நின்றது, கூரை பாதி நின்றது. உள்ளே நாலைந்து நாய்கள். சுவரில் செங்குத்தாக, வரிசையாக, பழுப்பு நிறத்தில் எதுவோ ஏறிக்கொண்டிருந்தது. நாய் உண்ணி சுவர் ஏறும், விரிசலில் குடியிருக்கும், வீட்டுக்குள்ளேயே தலைமுறை நடத்தும். மைத்துனன் நெருங்கிப் பார்த்துவிட்டு ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடினான். வெறுங்காலோடு தார் ரோட்டில் அந்த வெயிலில் அவன் நின்ற நிலையைப் பார்த்து, லாரிக்காரர் ஒருவர் ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

நடைக்கு முடிவு கட்டியது எங்களுக்கு முன்பே நடந்துவிட்ட விஷயம்தான். 1914 பிப்ரவரி 24-ஆம் தேதி பாம்பன் பாலம் திறந்தது. காசிக்காரர்கள் ரயிலில் உட்கார்ந்தபடி ராமேஸ்வரம் போய் இறங்கினார்கள். இந்தச் சாலையின் நடுராத்திரி மணிக்குச் சாப்பிட வருகிற ஆள் குறைந்தது. பின்னாளில் கிழக்குக் கடற்கரைச் சாலையும் வந்தது. இப்போது இதில் கூட்டமாக நடப்பவர்கள் ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக்குப் போகிறவர்கள்தான். அவர்கள் கெட்டிக்காரர்கள், தார் ரோட்டை விட்டு இறங்குவதில்லை.

மணமேல்குடியில் பஸ் ஏறினோம். மைத்துனன் உட்கார்ந்ததும் முதுகைச் சீட்டில் தேய்த்தான், இடுப்பைச் சொறிந்தான், காலைத் தூக்கி மடிப்பைச் சோதித்தான். பக்கத்துச் சீட்டு அம்மாள் எழுந்து முன்னால் போனார். பின் சீட்டுக்காரரும் போனார். நெரிசலான பஸ்ஸில் எங்களைச் சுற்றி மட்டும் விசாலமாக இருந்தது.

வீட்டில் மாமியார் நிலைவாசலிலேயே நிறுத்திவிட்டார். ஆத்தா சொன்னதை மைத்துனன் ஒப்பித்த மறுநிமிஷம், துணிமணி எல்லாம் கொல்லைப்புறத்தில் கொதிக்கிற வெந்நீருக்குப் போயிற்று. ஏழாயிரம் ரூபாய் ஷூவும் சேர்த்துத்தான். எங்களுக்குத் திண்ணையில் பாய் விழுந்தது, ராத்திரிச் சாப்பாடும் அங்கேயே தள்ளி வைக்கப்பட்டது. அப்போது எங்கள் வீட்டு நாய் வாலை ஆட்டிக்கொண்டு எங்களிடம் வரப் பார்த்தது.

"டேய் மணி, அதுங்க பக்கத்துல போகாத" என்று மாமியார் அதைக் கழுத்தைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். "போன மாசந்தான் ஐந்நூறு ரூபா குடுத்து ஊசி போட்டுட்டு வந்திருக்கேன்."